பூசணிக்கு எடுத்த கத்தி

கல்யாண வீட்டில் அண்டா, கரண்டி, சல்லடை எல்லாம் வாடகைக்கு வந்து இறங்கியிருக்கும். கத்தியை மட்டும் சமையல்காரி மாயக்காள் தன் வீட்டிலிருந்துதான் கொண்டுபோவாள். அடுத்தவர் வீட்டுக் கத்தி எந்த நேரத்தில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது என்பாள். பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி, பஸ்சில் மடியிலேயே வைத்துக்கொள்வாள். போடியிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்களுக்கு ஓடும் பஸ்சு கண்டக்டர்கள் எல்லாருக்கும் அந்த மூட்டை தெரியும்.

மூட்டைக்குள் நாலு கத்தியும் ஓர் அருவாமனையும் இருந்தன. தடித்த முதுகுள்ள வெட்டுக்கத்தி பூசணிக்கும் சேனைக்கும். அதன் கனமே அதைக் கீழே இறக்கிவிடும், கை அமுக்க வேண்டியதில்லை. முழ நீளத்தில் தகடு மாதிரி இருந்தது முட்டைக்கோசுக்கு மட்டும். கோசை நூல் நூலாக அரிய அதற்கு ஈடு கிடையாது. ஆனால் கெட்டியான காயில் இறக்கினால் பாதியில் கவ்விக்கொண்டு திருகும். பீன்சுக்கும் அவரைக்கும் விரல் நீளக் கத்தி ஒன்று. தக்காளிக்கென்று இருந்ததைப் போகிற இடமெல்லாம் கல்லில் தீட்டிக்கொண்டே இருப்பாள். தக்காளி அறுபட வேண்டும், நசுங்கக் கூடாது. வாழைப்பூவும் முருங்கையும் அருவாமனைக்கு. கூட வேலைக்கு வருகிற பெண்கள் மாற்றி எடுத்துவிட்டால் அப்படியே பிடுங்கி வைத்துவிடுவாள்.

"காயப் பாத்து மட்டும் கத்தி குடுக்கப்படாது. கையையும் பாத்துக் குடுக்கணும்" என்று அவளே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்னவள்தான் அந்தக் காரியத்தையும் செய்தாள்.

மாயக்காளுக்குப் புருசன் இறந்து பன்னிரண்டு வருசம். அன்றிலிருந்து தம்பி வீரணன் வீட்டில்தான் இருந்தாள். வீரணன் போடியில் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் மூட்டை தூக்கினான். அவன் பெண்டாட்டி கருத்தம்மாள் சிலமலைக்காரி. மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். விடியற்கருக்கலில் ஜீப்பு வந்து தெருமுனையில் நிற்கும். பத்துப் பதினைந்து பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். மேட்டைத் தாண்டி மலையாளத்துப் பக்கமுள்ள தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மலையெல்லாம் சாரலாக இருக்கும்.

கருத்தம்மாளுக்கு இடது கைப் பழக்கம். கோலம் போடுவது, களி கிண்டுவது, காய் நறுக்குவது எல்லாமே இடது கைதான். சோறு மட்டும் வலது கையால் சாப்பிடுவாள், அதுவும் சின்ன வயதில் அடி வாங்கிப் பழகியது. மலையில் அந்தக் கையை யாரும் குறை சொன்னதில்லை. ஏலச்செடி தூரில் குத்தவைத்து, தரையோடு கிடக்கும் காய்ச்சரத்தை வலது கையால் தூக்கிப் பிடித்து, இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து விளைந்த காயை மட்டும் கிள்ளி எடுப்பாள். பக்கத்தில் இருக்கிற பிஞ்சு அசையாது. அவளைப் போல் கூடையை நிறைக்க ஆள் இல்லை என்று கங்காணி மொக்கையன் வெளிப்படையாகவே சொல்வான்.

எழுபத்தெட்டாம் வருசம் ஆவணியில் ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணச் சமையல் வந்தது. தோட்டம் துரவு உள்ள பெரிய சம்சாரி வீடு. மாயக்காளோடு வழக்கமாக வருகிற இரண்டு பெண்களும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மாயக்காள் கருத்தம்மாளைத்தான் கேட்டாள். மலையில் அப்போதுதான் முதல் காய் எடுப்பு தொடங்கியிருந்தது. இருந்தாலும் ஒரு நாள்தானே மதினி என்று கருத்தம்மாள் கிளம்பிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் வீட்டுப் பின்பக்கக் கொட்டத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பூசணி மட்டும் ஒன்பது கிடந்தது. மாயக்காள் சேனையைத் தோல் சீவிக்கொண்டே வெட்டுக்கத்தியை எடுத்துக் கருத்தம்மாளிடம் கொடுத்தாள். கருத்தம்மாள் இடது கையில் வாங்கினாள். மூன்று பூசணியைப் பிளந்து, விதை வழித்து, பத்தை போட்டுக் குவித்துவிட்டாள். பத்தைகள் எல்லாம் அளந்து வைத்தது போல இருந்தன. மாயக்காளுக்கே மனதுக்குள் ஒரு மெச்சல் இருந்தது, சொல்லவில்லை.

கல்யாண வீட்டு அம்மாள் ஜக்கம்மாள் அந்தப் பக்கம் வந்தவர், நின்றார். கெட்ட மனுசி இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற பதற்றத்தில் இருந்தார். சம்பந்தி வீட்டார் சாயங்காலம் வந்துவிடுவார்கள். கருத்தம்மாளின் கையைப் பார்த்துவிட்டு மாயக்காளிடம்தான் பேசினார்.

"என்ன மாயக்கா, நல்ல காரியத்துக்குப் பீச்சாங்கையாலயா நறுக்குறது? வாரவுக கண்ணுல பட்டா என்ன நினைப்பாக?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்து மூத்த மகள் வளைகாப்பு, அதற்கு அடுத்து அவர் தம்பி வீட்டு விசேஷம், எல்லாமே அந்த வீட்டிலிருந்து மாயக்காளுக்கு வரவேண்டிய சமையல்கள். அவள் எழுந்து வந்து கருத்தம்மாள் கையிலிருந்த வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டாள். சோத்துக் கையால் வெட்டு என்றாள். கருத்தம்மாள் சிரித்தாள். அந்தக் கைக்கு வராதே மதினி, வேண்டுமானால் நான் அருவாமனையில் முருங்கை நறுக்குகிறேன், நீங்கள் இதை வெட்டுங்கள் என்றாள். நியாயமான பேச்சு. மாயக்காளுக்கு ஏனோ அது எதிர்த்துப் பேசியதாகப் பட்டது. கூலிக்கு வந்த மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழகாத கையில் வெட்டுக்கத்தி கனக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் லேசாக இருக்கட்டும் என்று கோசுக் கத்தியை எடுத்து நீட்டினாள்.

அந்தக் கத்தி பூசணியில் திருகும் என்பதும் அவளுக்குத் தெரியும். நீட்டும்போதே தெரியும்.

கருத்தம்மாள் வாங்கி வலது கையில் பிடித்து, இடது கையால் பூசணியை அணைத்துக்கொண்டு இறக்கினாள். பாதியில் கத்தி கவ்விக்கொண்டது. அமுக்கினாள். தகடு வளைந்து, பட்டென்று வெளியே துள்ளி, இடது கைக் கட்டைவிரலின் அடியில் இறங்கியது.

கருத்தம்மாள் கத்தவில்லை. விரலைப் பார்த்தாள், பிறகு மாயக்காளைப் பார்த்தாள். வெள்ளைப் பூசணிப் பத்தைகளின்மேல் ரத்தம் ஒழுகியதும் பக்கத்திலிருந்த பெண்கள்தான் கூப்பாடு போட்டார்கள். ஜக்கம்மாள் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். மாயக்காள் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டபடியே பதில் சொன்னாள்.

"கவனமில்லாதவம்மா. பேச்சுவாக்குல வெட்டிக்கிட்டா."

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். யோசித்து வந்த வார்த்தை இல்லை அது. ஆனால் வந்துவிட்டது. கருத்தம்மாள் காதிலும் அது விழுந்தது. ஜக்கம்மாள் மாட்டுவண்டி கட்டச் சொல்லி இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல். நரம்பு அறுந்திருக்கிறது, விரல் இனி மடங்குவது சிரமம்தான் என்றார்கள். வீரணன் கிட்டங்கியிலிருந்து ஓடிவந்து அக்காளிடம்தான் கேட்டான். அதே பதிலைச் சொன்னாள். கல்யாணச் சமையலை முடித்து வந்த மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பேச்சி விசாரித்தாள். அங்கேயும் அதே பதில். ஜீப்பு வந்தபோது ஆள் வராததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. மொக்கையனுக்கும் அதே பதிலைச் சொல்லியனுப்பினாள். ஒரு தடவை சொன்னதற்குப் பிறகு வேறு சொல்ல வழி இல்லாமல் போயிற்று.

தையல் பிரித்த பிறகு கட்டைவிரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. கருத்தம்மாள் களி கிண்டும்போது துடுப்பு நழுவியது. குடத்தை இடுப்பில் ஏற்றும்போது வழுக்கியது. ஒருநாள் மொச்சைக் குழம்புச் சட்டி கைதவறி அடுப்போடு போயிற்று. வீரணன் முரடன் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லப் பழகியிருந்தான். கவனமில்லாத கழுதை, கண்ணை எங்கே வைத்திருந்தாய். முதலில் விளையாட்டாகத்தான் சொன்னான். நாளாக நாளாக அது விளையாட்டாக இல்லை. ஒவ்வொரு தடவையும் மாயக்காள் கரண்டியோடு பக்கத்தில்தான் இருப்பாள். கருத்தம்மாள் ஒரு கணம் அவள் பக்கம் திரும்புவாள். மாயக்காள் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள்.

மாயக்காளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோசுக் கத்தியைக் கண்மாயில் எறிந்துவிடலாமா என்று ஒருநாள் எடுத்துப் போனாள். கரையில் நின்றபோது, கத்தி என்ன செய்தது என்று தோன்றி, திரும்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் கருத்தம்மாள் மறுபடி மலைக்குப் போனாள். மூன்றாம் நாளே மொக்கையன் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். மாயக்காளுக்கு மனசு கேட்கவில்லை. நான் வந்து பேசுகிறேன் என்று மறுநாள் அவளும் ஜீப்பில் ஏறினாள்.

கீழ்நாட்டிலேயே கிடந்தவள். கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தோட்டத்தில் கால் வைத்ததும் அட்டை ஏறியது. மழை, தலையோடு போர்த்திய சாக்குக் கொங்காணிக்குள் இறங்கி முதுகை நனைத்தது. மொக்கையன் வருகிற வரைக்கும் கருத்தம்மாள் பக்கத்திலேயே குத்தவைத்து அவளும் காய் எடுத்துப் பார்த்தாள். நாலு காய் எடுத்தால் ஒரு பிஞ்சு கூடவே வந்தது. சரமே முறிந்தது. இருபது வருசம் கத்தி பிடித்த கை அது. அந்தக் கைக்கு அந்தச் சின்னக் கிள்ளல் வரவில்லை. பக்கத்தில் கருத்தம்மாள் இடது கையை மடக்கி வைத்துக்கொண்டு வலது கையால் எடுத்துக்கொண்டிருந்தாள். பழகாத கை. ஒரு காய்க்கு மூன்று தடவை விரல் போய் வந்தது. பழக்கத்தில் நடுநடுவே இடது கை தானாகச் சரத்துக்குப் போகும். கட்டைவிரல் மடங்காமல் காயைத் தள்ளிவிடும். அவள் அந்தக் கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொள்வாள்.

மொக்கையன் வந்தான். மாயக்காள் கெஞ்சினாள். காய் எடுக்க முடியாவிட்டால் ஸ்டோரில் போடக் கூடாதா என்று கேட்டாள். பறித்த காயைச் சூட்டில் உலர்த்துகிற இடம் அது. பரப்பி விடவும் கிளறி விடவும் பெண்கள் வேண்டும். அந்த வேலைக்குக் கட்டைவிரல் அவ்வளவாகத் தேவையில்லை. மொக்கையன் யோசிக்காமல் தலையை ஆட்டினான்.

"ஸ்டோருக்கு ஒரு ஆளு வேணும்தான். ஆனா ராவும் பகலும் தீ எரியிற எடம் ஆத்தா அது. கவனமில்லாம கையை வெட்டிக்கிட்டவள எப்படி அங்க விட? நீங்கதான சொல்லிவிட்டீக?"

கருத்தம்மாள் அங்கேயேதான் நின்றாள். மாயக்காளின் வாய் திறந்தது. மற்றப் பெண்கள் சரத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. மலையாளத்து சூப்பர்வைசர் தூரத்திலிருந்து "மதி, மதி, பணி நோக்கு" என்று, பேச்சை விட்டு வேலையைப் பார்க்கச் சொல்லிச் சத்தம் போட்டார். பெண்கள் குனிந்துகொண்டார்கள்.

ஜீப்பு மலையிறங்கி வந்தது. கீழே வெயில் அடித்தது. ஒரே நாளில் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் வீரணன் சாப்பிட உட்கார்ந்தான். கருத்தம்மாள் தண்ணிச் செம்பைக் கொண்டுவந்து வைக்கும்போது கொஞ்சம் சிந்திற்று. அவன் வாயெடுப்பதற்குள் மாயக்காள் பேசிவிட்டாள்.

"அவள ஒண்ணும் சொல்லாத வீரணா. அவ கவனமாத்தான் இருந்தா. கத்திய மாத்திக் குடுத்தது நான்."

அவனுக்கு விளங்கவில்லை. மாயக்காள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஜக்கம்மாள் வந்து நின்றது, வெட்டுக்கத்தியைப் பிடுங்கியது, வராத கையால் வெட்டச் சொன்னது, திருகும் என்று தெரிந்தே கோசுக் கத்தியை நீட்டியது, அதற்குப் பிறகு போன இடமெல்லாம் சொன்ன பொய். சொல்லும்போது அழவில்லை. அழுதால் அவன் சமாதானம் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

வீரணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். இரண்டு மாதமாகத் தான் பெண்டாட்டியைச் சொன்னதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கருத்தம்மாளைப் பார்க்காமலேயே வெளியே போய்விட்டான்.

மாயக்காளுக்கு மூச்சு லேசாயிற்று. பெரிய பாரம் ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. அந்த நிம்மதியோடுதான் கருத்தம்மாளிடம் திரும்பினாள்.

கருத்தம்மாள் தட்டை எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்களாச் சொல்லுவீகன்னுதான் மதினி இருந்தேன். அன்னிக்கு வண்டியில போகும்போது சொல்லுவீகன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில சொல்லுவீகன்னு நெனச்சேன்."

"தப்புத்தான் ஆத்தா."

"கை போனதக்கூட விட்ருங்க. கத்தின்னா வெட்டத்தான் செய்யும். இன்னிக்குக் காலையில அத்தன பேருக்கு முன்னாடி கங்காணி கேட்டாரே. அப்பவும் நின்னீகளே. அதான் எனக்கு ஆறமாட்டேங்குது."

மாயக்காள் தலைகுனிந்து நின்றாள். இப்போதுதான் தம்பியிடம் சொல்லிவிட்டேனே என்று மெல்ல முனகினாள்.

"ஒங்க தம்பிகிட்டச் சொன்னீக. ஒங்க மனசு ஆறுச்சு. குழாயடியில சொன்னதயும் மலையில சொன்னதயும் யாரு போய் எடுக்குறது? பொய் எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் நீங்களும் போகணும் மதினி."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வேலை என்ன என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

மாயக்காள் போனாள். விடிந்ததும் குழாயடிக்குப் போய்ப் பேச்சியிடமும் மற்றப் பெண்களிடமும் சொன்னாள். வரிசையில் குடம் வைத்துவிட்டு நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முழுக்கத் தெருவில் அதே பேச்சு. அவள் நடந்து போகும்போது பேச்சு நின்றது, போன பிறகு தொடங்கிற்று. அதற்கடுத்த நாள் ஜீப்பில் மலைக்குப் போய், அதே செடிகளுக்கு நடுவில், அதே பெண்கள் கேட்க, மொக்கையனிடம் சொன்னாள். இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை. மொக்கையன் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு, நேற்றே ஸ்டோருக்குக் வேறொரு பொம்பளையைப் போட்டுவிட்டேனே ஆத்தா, முந்தாநாள் இதைச் சொல்லியிருந்தால் கருத்தம்மாளைத்தானே போட்டிருப்பேன் என்றான். அடுத்த வருசம் பார்க்கலாம் என்றான்.

கடைசியாக ராசிங்காபுரம். அங்கே போவதற்குத்தான் அவளுக்கு அதிகப் பயம். அந்த அம்மாளிடம் போய், நீங்கள் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று தொனிக்காமல், தான் செய்ததை மட்டும் எப்படிச் சொல்வது என்று பஸ்சு முழுக்க யோசித்துக்கொண்டு போனாள். மடியில் கத்தி மூட்டை இல்லாததைப் பார்த்துவிட்டு, சமையல் இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். வேறு சோலி என்றாள்.

ஜக்கம்மாள் களத்தில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வா மாயக்கா என்று சந்தோசமாகக் கூப்பிட்டார். மோர் கொடுத்தார். கட்டிக்கொடுத்த மகள் உண்டாகியிருக்கிறாள் என்றார். மாயக்காள் மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே தொடங்கினாள். அன்றைக்குக் கையை வெட்டிக்கொண்டாளே என் தம்பி பெண்டாட்டி, அவள் மேல் தப்பில்லை, அவளுக்கு இடது கைப் பழக்கம், நான்தான் மற்றக் கையால் வெட்டச் சொன்னேன் என்றாள்.

ஜக்கம்மாள் நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார்.

"அப்படி யாருக்காச்சும் கை வெட்டுச்சா? அன்னிக்கு இருந்த கூட்டத்துல எனக்கு ஒண்ணும் மனசுல நிக்கல மாயக்கா. சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சம்பந்தி வீட்ல சொன்னாக, அதுதான் நெனப்பு. பாவம், இப்ப நல்லா இருக்காளா?"

மாயக்காள் இருக்கிறாள் என்றாள். மோரைக் குடித்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கருத்தம்மாள் அடுப்பில் மொச்சையை வேகப்போட்டுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். வீரணன் கொஞ்ச நாளாகப் பெண்டாட்டியிடம் பேசுவதற்கே கூசினான். தண்ணீரை அவனே பிடித்துவந்து வைத்துவிட்டுப் போவான். அன்றும் இரண்டு குடம் நிறைந்து நின்றது.

ராசிங்காபுரத்திலும் சொல்லிவிட்டேன் என்றாள் மாயக்காள்.

"என்ன சொன்னாக?" என்று கேட்டாள் கருத்தம்மாள்.

மாயக்காளுக்கு ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வருத்தப்பட்டார்கள் என்று சொன்னால் போதும். யாருக்கும் நட்டமில்லை.

"அவகளுக்கு ஞாபகமே இல்ல ஆத்தா. கை வெட்டுனதும் ஞாபகமில்ல, பீச்சாங்கைன்னு சொன்னதும் ஞாபகமில்ல."

கருத்தம்மாள் அவளைப் பார்த்தபடியே இருந்தாள். விரல் வெட்டுப்பட்டபோது அவள் அழவில்லை, தையல் போட்டபோது அழவில்லை, புருசன் ஏசியபோதும் மொக்கையன் அனுப்பியபோதும் அழவில்லை. இப்போது முகம் கோணிற்று. நீட்டிக்கொண்டு நின்ற கட்டைவிரலை மற்றக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள்.

மாயக்காள் கிட்டே போகவில்லை. தொட்டுத் தேற்றுகிற உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போகவும் இல்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த அழுகை முழுவதையும் கேட்டாள். அடுப்பில் மொச்சை தண்ணீர் வற்றித் தீய்கிற வாடை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.